வீட்டெலியைப் பலகைப் பொறியாற் பிடித்தல்

காலபோக நெல்லைச் சாக்கிற் கட்டி வீட்டினுள் அடுக்கியதும், வளவிலே திரிந்த எலிகள் வீட்டை நாடி வருகின்றன. அவை தின்பதிலும், சாக்கைக் கடித்துச் சிந்துவதும், எச்சத்தாலும் மூத்திரத்தாலும் நெல்லைப் பழுதாக்குவதுமே பெரிய நட்டம். எலிக்காய்ச்சல் பரவுவதும் அம் மூத்திரத்தினாலேயே. 2008 ஆம் ஆண்டில் இந்நோய்க்கு ஆளானோரென இலங்கையில் 7000 இற்கு மேற்பட்டோர் ஐயுறப்பட்டனர். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்திலும் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன.

நஞ்சு வைத்தல் இலகுவெனப் பலர் எண்ணுவர். நஞ்சுண்ட எலி கூரைக்குள்ளோ சுவரிடுக்கிலோ இறந்து நாறும். அதனைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் கேடு. தவழும் குழந்தையுள்ள வீட்டிற் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே வீட்டினுள்ளே, சுருட்கம்பி பூட்டிய பலகைப் பொறியே உகந்தது. சுண்டெலிக்குரிய சிறு பொறியை வாங்கலாகாது. அதில் அகப்படும் பேரெலி காயத்தோடு தப்பிவிடும்.

“பொறி வைத்தேன், எலி அகப்படவில்லை” என்று கமக்காரர் முறையிடுவதுண்டு. எலி, தான் நடமாடும் இடத்திற் புதிதாகத் தோன்றும் எப்பொருளையும் அஞ்சி விலகும். ஆதலாற் பொறியில் இரையை வைத்து, வில்லைப் பூட்டாமல், மூன்று நான்கு இரவுகள் விட்டுவிடுதல் வேண்டும். இரை நாள்தோறும் தின்னப்படுவதைக் கண்டபின், எல்லாப் பொறிகளையும் ஒரே மாலையிற் பூட்டுக. ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதிலும், ஆறு பொறிகளை ஒரு வாரம் வைத்தல் பயன் தரும்.

எலி வெளியான இடத்தைத் தவிர்த்துச் சுவரோரமாகவே ஓடும். எச்சமும் சுவரிற் படிந்த கரிய அழுக்கும் அதன் வழியைக் காட்டும். அவ்வழியிற் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரையுள்ள முனை சுவரைத் தொடும்படி வைக்க. சுட்ட கருவாடு அல்லது தேங்காய்ச் சொட்டு நல்ல இரை. பயறளவு போதும், நூலாற் கட்டிவிட்டால் எலி அதனை இழுக்கும்போது பொறி அடிக்கும்.

இரையை முதலிற் கட்டி, வில்லைப் பின்னரே பூட்டுதல் வேண்டும். பலகையின் ஓரங்களைப் பிடிக்க. அடிக்கும் கம்பியின் பாதையில் விரல் செல்லலாகாது. பூட்டிய பொறியைத் தளர்த்தக் கையன்று, தடியே வேண்டும். பிள்ளைகள், பூனை, நாய் உள்ள வீட்டில், இருபுறமும் இரண்டரை அங்குல வாசலுள்ள மரப்பெட்டியின் நடுவிற் பொறியை வைத்து, மூடியின்மேற் கல்லேற்றுக. பொழுது பட்டதும் பூட்டி, விடியுமுன் தளர்த்துதல் அவசியம். இதனை மறந்த ஒரு வீட்டிற் பேட்டுக் கோழியொன்று காலொடிந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அணிலும் அவ்வாறே பகலில் அகப்படும்.

செத்த எலியை வெறுங்கையாற் தொடலாகாது. பொலித்தீன் பையைக் கையிற் போர்த்து எடுத்து, கிணற்றுக்கு அப்பால் இரண்டடி ஆழத்திற் புதைக்க. எச்சத்தை உலரப் பெருக்கினால் தூசு மூக்கிற் புகும். வெளிற்றுந் தூள் கரைத்த நீரைத் தெளித்து, ஊறியபின் துடைத்தெடுக்க. பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. சில நாட்களிற் காய்ச்சலும் கடுந் தசைநோவும் கண்டால், எலியைக் கையாண்டதை வைத்தியரிடம் மறவாது கூறுதல் வேண்டும்.

பொறிகள் ஒரு வாரம் வெறுமையாக இருந்தபின் வீட்டைச் சுற்றிப் பார்க்க. அரை அங்குலத் துவாரத்தினூடும் எலி நுழையும். அவற்றைச் சீமெந்தும் கம்பிவலையுங் கொண்டு அடைக்க. கூரையைத் தொடும் மாங்கொப்புகளையும் வெட்டிவிடுக.