கடைமடைக் குளக்கரையில் கூடாரம்

ஏரிக்கரையில் கூடாரமடித்து ஓரிரு இரவு தங்கிவரும் வழக்கம் மேலை நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றியது. இங்கிலாந்தில் 1901இல் தோன்றிய கூடாரத் தங்கலாளர் மன்றமும், அதைத் தோற்றுவித்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங் 1908இல் வெளியிட்ட கையேடும் அவ்வழக்கத்துக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தன. அங்கு முகாம் அமையும் ஏரிகளில் பல, பொழுதுபோக்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தாமிரபரணியின் கடைமடையான ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலோ குளம் என்பது நெல்லையும் வாழையையும் விளைவிப்பதற்காகத் தேக்கிய நீர். அதன் ஒவ்வோர் அங்குலத்துக்கும் உரியவர் ஒருவர் உண்டு. ஆகவே இங்கு கரையோரம் தங்க விரும்புவோரின் திட்டம் கூடாரத்தின் அளவிலிருந்தோ சமையல் சாமான்களிலிருந்தோ தொடங்காமல், குளம் எப்போது நிரம்புகிறது, எப்போது வடிகிறது, யாருக்காகத் திறக்கப்படுகிறது என்பவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. முந்திய ஏழும் பழைய ஆட்சிகளின் ஆக்கங்களாக இருக்க, இது மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் 53 குளங்களை நிரப்பி, 25,560 ஏக்கர் ஆயக்கட்டுக்கு, அதாவது அக்குளங்களின் நீரால் பாசனம் பெறும் நிலத்துக்கு, நீர் தருகின்றன. மழைநீரை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் கண்மாய்களைப் போலன்றி, இக்குளங்கள் ஆற்றோடு கால்வாயால் கோக்கப்பட்டவை என்பதால், வானம் தெளிந்திருக்கும் நாளிலும் மேலே அணையில் திறக்கும் நீர் இங்கே மட்டத்தை உயர்த்திவிடக்கூடும். இந்த ஒன்றை அறியாமல் நீரோரம் இடம் பிடிப்பது பெரும் பிழை.

இடத் தேர்வுக்குக் குளத்தின் உறுப்புகளை அறிந்திருத்தல் போதுமான வழிகாட்டியாகும். நீரைத் தாங்கி நிற்கும் மண்மேடு கரை. வயலுக்கு நீர்விடும் திறப்பு மடை. மிகை நீர் வழிந்தோடும் கல்லமைப்பு மறுகால். கரையின் மேற்பரப்பு டிராக்டரும் மாடும் போகும் பாதையாகப் பயன்படுவதாலும், முளைக்கம்பு அறைந்தால் மண் இளகுவதாலும் அங்குக் கூடாரம் ஆகாது. மறுகாலுக்குக் கீழ்ப்புறம் எவ்வளவு அழகிய மணல் திட்டாக இருப்பினும் அது நீர் செல்லும் வழியே. நீர்ப்பிடிப்புக்குள் இறங்கினால், வண்டல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருந்து, முழங்காலளவு என்று நம்பி அடுத்த அடி வைப்பவரை ஆளாழத்தில் இறக்கிவிடும். கரை முடிந்து நிலம் இயல்பாக மேடேறும் பக்கவாட்டுப் பகுதியே தங்குவதற்குத் தக்கது. பெரும்பாலும் அது ஒருவருடைய தோட்டமாகவோ ஊர்ப் பொது நிலமாகவோ இருக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை மிக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் குளங்கள் நிரம்புகின்றன. அக்காலத்தில் கரையில் தங்குவதை அறவே தவிர்ப்பதே நல்லது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, வட்டாரத்தின் குளங்கள் பல உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சூழ்ந்த வெள்ளத்தின் நடுவே சிக்கி, ஹெலிகாப்டரிலிருந்து போடப்பட்ட உணவை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது. இரும்புப் பாதையில் நின்ற ரயிலுக்கே அந்நிலை என்றால், துணிக்கூடாரத்தின் கதியை விளக்க வேண்டியதில்லை.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை, கார் சாகுபடிக் காலத்தில், மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று கூடாரத்தை நிமிரவிடாது. அதிலும் தென்புறத்துத் தேரிக்காடுகளில், அதாவது செம்மணல் மேடுகளில், சாதாரண முளை பிடிப்பதில்லை. அங்குச் சாக்கில் மணல் நிரப்பி அதைக் குழியில் புதைத்துக் கயிற்றைக் கட்டுவதே உறுதியான முறை. கோடையில் குளம் வறண்டு களிமண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, காய்ந்த கோரையிலும் உடைமரப் புதரிலும் ஒரு பொறி விழுந்தால் அணைப்பது அரிது. சித்திரை, வைகாசியின் மாலை இடிமழையில் தனித்து நிற்கும் பனையின் அடியில் ஒதுங்குவதும் உயிருக்கு ஆபத்து. எஞ்சுவது பொங்கலை ஒட்டிய சனவரியும் பிப்ரவரியும்தான்: குளம் நிறைந்திருக்கும், பிசானப் பயிர் முற்றிவரும், காற்று அடங்கியிருக்கும். தைப்பனி மட்டும் கடுமையானது என்பதால், உட்கூடாரத்துக்கு மேல் தனித்த வெளிவிரிப்பு கொண்ட இரட்டை அடுக்குக் கூடாரமே ஏற்றது. ஒற்றை அடுக்கில் விடியுமுன் படுக்கை நனைந்துவிடும்.

அந்த இரண்டு மாதங்களே பறவைகளுக்கும் உரியவை என்பதுதான் இத்திட்டத்தின் சிறப்பும் சிக்கலும். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும், கூட்டமாக இரை பொறுக்கும் அரிவாள்மூக்கன்களும், நீரோரக் கருவேல மரங்களில் இரவடையும் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் இக்குளங்களின் உண்மையான இரவு விருந்தினர். 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்றுவருகிறது. தன்னார்வலர்களும் மாணவர்களும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகச் சென்று எண்ணுகின்றனர். முதன்முறை வருவோர் அந்நாட்களை ஒட்டித் தம் பயணத்தை அமைத்துக்கொண்டால், எந்தக் கரையில் எந்த மரத்தை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்களிடமே கேட்டறியலாம். அடையும் மரத்தை நோக்கி விளக்கடிப்பதும் ஒலிபெருக்கி வைப்பதும் ஒரு கூட்டத்தையே இருட்டில் கலைத்துவிடும். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊரார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஓரிரு இரவு தங்குவோர் அதைவிடக் குறைந்த அடக்கத்தைக் காட்ட நியாயமே இல்லை.

அனுமதி பற்றிய கேள்விக்குச் சுருக்கமான விடை உண்டு. கட்டணம் செலுத்தி இடம் பெறும் முகாமை எதிர்பார்த்து இக்குளங்களுக்கு வரக் கூடாது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. அலுவலக ஒப்புதலோடு, மடையைத் திறந்து அடைக்கும் மடைக்காரரிடமும் விவசாயிகளிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது இன்றியமையாதது. இரவில் கரையில் வெளிச்சம் தெரிந்தால் மீன் குத்தகைதாரர் திருட்டென்றே கருதுவார். இப்படி முன்கூட்டிச் சொல்லித் தங்கும் கலையில் யாரேனும் ஆசான்கள் இருப்பின், அவர்கள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளே. ஆட்டுமந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் அவர்கள், நிலக்காரரிடம் பேசி முடிக்காமல் எங்கும் இறங்குவதில்லை. மேட்டைப் பார்த்துப் படுக்கிறார்கள். கிளம்பும்போது விட்டுச்செல்வது வயலுக்கு உரமாகும் புழுக்கை மட்டுமே.

நலம் சார்ந்த ஏற்பாடுகளில் பாம்புக்கு முதலிடம் தருதல் வேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிக்கக்கூடியது. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, விடியலில் வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் தோன்றிய பின்பே தெரியவருகிறது. எனவே அடித்தளம் தைக்கப்பட்டு முழுதும் மூடும் கூடாரம் அல்லது கட்டிலும் செருகிய கொசுவலையும் கட்டாயம். அறிகுறி தோன்றினால் கட்டுப்போட்டுக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து, நஞ்சு முறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழிப்பிடக் குழி நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழத்தில் அமைவது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. சோப்பு நுரையைக் குளத்தில் கலக்காமல், வாளியில் முகந்து கரைக்கு அப்பால் கழுவுதல் தகும். அதே நீரில்தான் ஊரார் குளிக்கின்றனர்.

பகல் பொழுதைக் கழிக்க இங்கே இடங்களுக்குப் பஞ்சமில்லை. நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளம், ஊரின் பெயரிலேயே குளத்தைக் கொண்டு, கோயிலும் நீர்ப்பரப்பும் அருகருகே அமைய விளங்குகிறது. ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு உள்ளது. 114 ஏக்கர் பரப்புள்ள அந்த முதுமக்கள் தாழிக்காட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தார். மேடானது, உலர்ந்தது, காற்றோட்டமானது என்று கூடாரத்துக்கான எல்லாத் தகுதியும் கொண்டதாகத் தோன்றினும், அங்கே ஒரு முளையும் அறையக் கூடாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட தொல்லியல் நிலம், தாழிகள் சில இடங்களில் மண்ணுக்குச் சற்றே கீழேதான் இருக்கின்றன.