புளியரை வளைவில் ஒரு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து, முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் ஒரு பிளக்கைக் கழற்றுவதற்குள் விரல் தோல் உரிந்துவிடுகிறது. இதில் இயந்திரம் முழுவதும் கண்முன்னே கிடக்கும். கைக்கெட்டும் தூரத்தில் கார்புரேட்டர். அதைக் கழற்றிவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைக்கலாமா, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் சேர்க்கலாமா என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஹெரால்டு நம்மூர் வண்டி என்றே சொல்லலாம். இத்தாலியின் ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. பின்னாளில் வந்த நான்கு கதவு மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்தது. இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே மிச்செலோட்டியின் இன்னொரு உடலைப் பூட்டி 1962இல் டிரையம்ஃப் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். ஆக, நம் ஊரில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய குடும்ப வண்டியும், ஆங்கிலேய இளைஞர்கள் கூரையை மடக்கிவிட்டுப் பறந்த வண்டியும் உடன்பிறப்புகள்.

ஆய்க்குடியில் அப்படி ஒரு வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். தென்காசி வந்து இரண்டு திசையிலும் ஓட்டினால் இன்ஜெக்‌ஷனா, ஓவர்டிரைவா என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு நெடுஞ்சாலை. மேற்கே செங்கோட்டை, புளியரை தாண்டி வளைந்து வளைந்து ஏறும் ஆரியங்காவுக் கணவாய்.

முதலில் கணவாய்ப் பக்கம். கார்புரேட்டருக்குள் நடப்பது எளிய இயற்பியல். இயந்திரம் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே போகும்போது வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு பெட்ரோலைச் சின்னத் துளை வழியே மேலே இழுக்கிறது. அந்தத் துளைதான் ஜெட். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஜெட்டின் அளவு முடிவு செய்கிறது. ஜெட்டை மாற்றாதவரை அது மாறாது. கண்ணளவில் உப்புப் போடும் சமையல்காரரைப் போல, பழகிய அடுப்பில், பழகிய பாத்திரத்தில் எல்லாம் சரியாக வரும். சூழல் மாறினால் தடுமாற்றம்தான். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. பிளக் கறுத்து வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். ஆரியங்காவு அவ்வளவு உயரமில்லை, அந்தத் தொல்லை இங்கே வராது.

இங்கே வருகிற தொல்லை பெட்ரோல் பங்கிலிருந்து வருகிறது. 2025 வாக்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் பரவலாகிவிட்டது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் உண்டு, அதனால் அது எரியக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று தேவை. இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட் பழைய கணக்கிலேயே ஊற்றுவதால், எட்டு சதவீத அளவுக்கு எரிபொருள் குறைந்த கலவையில் இயந்திரம் ஓடுகிறது. ஏற்றத்தில் இழுவை குறையும், சூடு கூடும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கும். ஜெட்டைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். எத்தனாலில் ஊறி வீங்கும் பழைய ரப்பர் ஹோஸ்களை எந்த ஜெட்டும் காப்பாற்றாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜெக்‌ஷனின் மேன்மை பெட்ரோலைப் பீய்ச்சுவதில் இல்லை, அளந்து திருத்துவதில் இருக்கிறது. உறிஞ்சுகுழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, கிராங்க் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் உணரிகள் சொல்ல, கணினி இன்ஜெக்டரைச் சில மில்லிவிநாடிகள் திறந்து மூடுகிறது. புகைக்குழாயில் செருகிய ஆக்சிஜன் சென்சார், எரிந்து முடிந்த புகையைப் பார்த்து ‘கூடியது, குறைந்தது’ என்று திருப்பிச் சொல்கிறது. எந்தப் பெட்ரோலை ஊற்றினாலும் கணக்கு தன்னால் சரியாகும்.

கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்கார்கிற திராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கிட்டுகள் வந்துவிட்டதால் பலர் இதை ஒரு நாள் வேலை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் வரை அது இழுத்துக்கொண்டு போகும். பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது ஏறக்குறைய 0.2 பார் அழுத்தம். இன்ஜெக்டருக்குப் பொதுவாக மூன்று பார் வேண்டும். ஆகவே புது மின்பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு தனிக்குழாய். பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம்? பழைய டைனமோ ஐடிலில் பேட்டரியைச் சரியாகச் சார்ஜ் செய்யாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். அந்தக் காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். அதைத் திருப்பாமல் கணினியை இணைத்தால் கணினி கருகிவிடும்.

எல்லாம் முடித்துப் புளியரை எஸ் வளைவுக்குப் போனால் இன்னொன்று காத்திருக்கும். டேங்க் பாதி காலி. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் ஒரு விநாடி காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டர் வண்டியில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதன் மிதவைக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் கைவசம் இருக்கும். இன்ஜெக்‌ஷனுக்கு அப்படிச் சேமிப்புக் கிடையாது. அழுத்தம் விழுந்த மறுகணம் இயந்திரம் இருமும், பின்னால் கேரளா போகும் லாரி ஹாரன் அடிக்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சின்னச் சேமிப்புக் கலம் வைத்தால்தான் இது தீரும்.

இந்த அவஸ்தையை டிரையம்ஃப் கம்பெனியே பட்டிருக்கிறது. 1967இல் வந்த டிஆர்5, லூகாஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். அதன் பெட்ரோல் பம்பைச் சுழற்றியது வைப்பர் மோட்டாரிலிருந்து உருவான ஒரு மோட்டார். வெயில் நாளில் அது சூடேற, உள்ளே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும். இங்கிலாந்து வெயிலுக்கே இந்தக் கதி என்றால், ஆலங்குளத்துச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். இதே வண்டியை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரைத்தான் மாட்டினார்கள்.

இனி ஓவர்டிரைவ். எட்கர் டி நார்மன்வில் வடிவமைக்க, ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் செய்த இந்தப் பெட்டி முதலில் பூட்டப்பட்ட கார்களில் ஒன்று 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு. அந்த வான்கார்டும் பிறகு சென்னையில் பூட்டப்பட்டது. அதன் இயந்திரக் குடும்பம்தான் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. 1985இல் சென்னையில் வந்த ஸ்டாண்டர்டு 2000 காருக்குள்ளும் அதன் வழிவந்த இயந்திரமே உட்கார்ந்திருந்தது. வெளியே ரோவரின் நவீன உடல், உள்ளே நாற்பதுகளின் இயந்திரம். நாம் பேசும் மேம்பாட்டுக்கு நேர் எதிரான வேலை அது, சில ஆண்டுகளிலேயே நின்றுபோனதில் வியப்பில்லை.

லேகாக் பெட்டியைப் பிரித்தால் நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று சிறுசக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து உட்பல் கொண்ட வளையம். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி சிறுசக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்குப் போகிறது. வளையம் பின்சக்கரத்தை நோக்கிப் போகும் ஷாஃப்டோடு சேர்ந்தது. சாதாரணமாக நடுச்சக்கரத்தை ஒரு கூம்புக் கிளட்ச் வளையத்தோடு பூட்டி வைத்திருக்கும். எல்லாம் ஒன்றாகச் சுற்றும். ஸ்விட்சைத் தட்டினால் எண்ணெய் அழுத்தம் அந்தக் கூம்பை முன்னால் தள்ளி, நடுச்சக்கரத்தை அசையாமல் பிடித்துவிடும். இப்போது சிறுசக்கரங்கள் நின்ற சக்கரத்தின் மேல் உருண்டுகொண்டே வளையத்தைத் தம்மைவிட வேகமாகச் சுழற்றும். கிளட்சை மிதிக்க வேண்டாம், கணினி வேண்டாம். எழுபது வருஷத்துக்கு முந்தைய மூளை இது. என் பார்வையில் இன்ஜெக்‌ஷனைவிட அழகான வேலை.

விகிதம் ஏறக்குறைய 0.8. திருநெல்வேலிச் சாலையில் டாப் கியரில் நிமிடத்துக்கு 3500 சுற்று அலறும் இயந்திரம், அதே வேகத்தில் 2800க்கு இறங்கும். சத்தம் அடங்கும், தேய்மானம் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இழுவையும் அதே விகிதத்தில் குறைகிறது. ஸ்பிட்ஃபயருக்கும் வான்கார்டுக்கும் அது தாங்கும். இந்திய ஹெரால்டின் 948 சிசி இயந்திரத்தின் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட குதிரைத்திறனுக்கு, திரும்பி வரும்போது எதிரே தென்மேற்குக் காற்று வேறு அடித்தால், ஓவர்டிரைவைப் போட்டதும் வண்டி சோர்ந்துபோய் மறுபடி நாலாவதுக்கே வரச் சொல்லும். ஸ்பிட்ஃபயரின் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை ஹெரால்டில் பொருத்தலாம், அதற்குப் புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சிறிதாக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். பொருந்துகிறது என்பதற்காகப் பூட்ட வேண்டியதில்லை. ஹெரால்டுக்கு ஆல்டர்னேட்டரும் நல்ல ஹோஸ்களும் சரியான ஜெட்டும் முதலில். அதன்பிறகும் மனசு கேட்காவிட்டால் இன்ஜெக்‌ஷன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் பைக்குகளே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், ஸ்கேனர் போட்டுப் பார்க்கத் தெரிந்த பையன்கள் சின்ன ஊர்களிலும் கிடைக்கிறார்கள்.

ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய கார் வின்டேஜ் தகுதி பெறலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இயந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இன்ஜெக்‌ஷன் அந்தக் கணக்கில் வருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எப்படியானாலும் எங்கும் துளை போடாமல், வெட்டி ஒட்டாமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிற மாதிரி வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய கார்புரேட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், ஜெட்டுகளோடு எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருந்தால், வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது தேவைப்படும்.