காலில் மணி கட்டிய பருந்து யாருடையது?

போன மாதம் லெஸ்டரில் இருக்கும் நண்பனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வீட்டுப் பின்பக்க வேலியில் பெரிய பறவை ஒன்று. கூடவே, "டேய், இது என்ன கழுகுடா? காலைலேர்ந்து இங்கயே சுத்துது. மணிச் சத்தம் வேற கேக்குது" என்று எழுதியிருந்தான்.

மணி என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. காட்டுப் பறவைக்கு யார் மணி கட்டுவார்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு காலிலும் தோல்பட்டை, அவற்றிலிருந்து தொங்கும் வார்கள், ஒரு காலில் வளையம். யாரோ வேட்டைக்குப் பழக்கிய பறவை. பறக்கவிட்ட இடத்திலிருந்து வழி தவறி வந்திருக்கிறது.

அடுத்த கேள்வி, என்ன பறவை? கரும்பழுப்பு உடல், தோளிலும் தொடையிலும் செங்கல் நிறம், வாலின் அடியிலும் நுனியிலும் வெள்ளை, நீளமான மஞ்சள் கால்கள். இது ஹாரிஸ் ஹாக். இங்கிலாந்தில் சாதாரணமாகக் காணும் பஸர்ட் என்ற பருந்தோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். பஸர்டுக்கு அந்தச் செங்கல் நிறத் தோளும் கிடையாது, வெள்ளை வால்நுனியும் கிடையாது. ஹாரிஸ் ஹாக்கின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை. கூட்டமாக வேட்டையாடும் இயல்பு இருப்பதால் மனிதனோடும் சுலபமாகப் பழகிவிடும். பிரிட்டனில் பருந்து பழக்குபவர்கள் பலர் இதை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"பறந்து வந்தது பறந்தே போகட்டுமே" என்றான் நண்பன். அது ஆபத்து. அந்த வார்கள் மரக்கிளையில் சிக்கினால் பறவை தலைகீழாகத் தொங்கியே செத்துப்போகும். பழக்கிய பறவையைப் பறக்கவிடும்போது எடையைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருப்பார்கள். பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பும். ஆக, தொலைந்த பறவைக்கு நேரம் அதிகமில்லை. தவிர, வெளிநாட்டு இனத்தை அங்கே வெளியே விடுவது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

பிடிக்கும்போது பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, கால் நகங்களுக்கு. தரையில் பச்சை இறைச்சி வைத்து (உப்புப் போட்டது கூடாது) அருகில் வந்ததும் மேலே கனமான துண்டைப் போட்டு, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். இருட்டில் அது அடங்கிவிடும். அனுபவம் இல்லாதவர்கள் பருந்து பழக்குபவர் யாரையாவது கூப்பிடுவதே நல்லது. நண்பனும் அப்படித்தான் செய்தான்.

சரி, உரிமையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ட்ரான்ஸ்மிட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிலோ வாலிலோ முதுகிலோ இருக்கும். சிலர் அதில் தொலைபேசி எண்ணையும் எழுதிவைப்பார்கள். அடுத்து வளையம். மூட்டு இல்லாத முழு வளையமென்றால், குஞ்சு பிறந்த சில நாட்களிலேயே மாட்டியது. பாதம் வளர்ந்தபின் அது கழன்று வராது. ஆகவே கூண்டில் பிறந்த பறவை என்பதற்கு அதுவே நல்ல சான்று. ஆராய்ச்சிக்காகக் காட்டுப் பறவைகளுக்கு மாட்டும் வளையம் வேறு, அதில் தகவல் அனுப்பவேண்டிய முகவரி இருக்கும். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தால் கால்நடை மருத்துவர் ஸ்கேனரில் எண்ணைப் படித்துச் சொல்வார்.

ஆனால் வளையத்தில் இருப்பது வெறும் எண், பெயர் அல்ல. நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு ப்ரைமரி கீ, டேபிள் வேறெங்கோ இருக்கிறது. பிரிட்டனில் இன்டிபென்டன்ட் பேர்ட் ரெஜிஸ்டர் போன்ற பதிவேடுகள்தான் அந்த டேபிள். இங்கே ஒரு எச்சரிக்கை: கண்டெடுத்த பறவையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடும்போது வளைய எண் தெரியக் கூடாது. உரிமை கொண்டாடி வருபவர்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணை நாமே வெளியிட்டால், பாஸ்வேர்டைக் கதவில் ஒட்டிவைத்த கதைதான்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1360களின் தொடக்கத்தில், மூன்றாம் எட்வர்ட் காலத்திலேயே இதற்கு ஒரு சட்டம் வந்தது. தொலைந்த பருந்தைக் கண்டெடுத்தவர் ஷெரீப்பிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் ஊர்தோறும் அறிவிக்க வேண்டும், உரிமையாளருக்கு 4 மாதம் அவகாசம். மறைத்து வைத்தால் 2 வருடச் சிறை. அதன்பிறகு உரிமையாளரின் பெயரோ குலச்சின்னமோ பொறித்த சிறு வெள்ளி வளையங்களைத் தோல்வாரில் கோத்தார்கள். இன்றும் இங்கிலாந்தின் வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களுக்கு அவை கிடைக்கின்றன. அன்று வளையமே ஆளைச் சொன்னது. இன்று அந்த வேலை பதிவேட்டுக்குப் போய்விட்டது. பதிவேடு பழசானால் வளையம் ஊமை.

நண்பன் விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. பதிவில் இருந்தவர், "அதை வித்து ரெண்டு வருஷமாச்சே" என்றார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. நல்லவேளை, பழைய உரிமையாளரிடம் அவருடைய எண் இருந்தது. அன்று சாயங்காலமே வந்து, வளைய எண்ணைச் சரியாகச் சொல்லி, பறவையைக் கையில் ஏற்றிக்கொண்டு போனார். போவதற்கு முன் நண்பன் அவரிடம் ஒன்றுதான் கேட்டானாம்: "இன்னிக்கே பேரை மாத்திடுவீங்களா?"