ஆழமான ரிம்முக்கு எந்த ட்யூப்? ஒரு பஞ்சரும் சில வெர்னியர் அளவுகளும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவள்ளூரில் கிளம்பி பூண்டி ஏரி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, மாதர்பாக்கம் வழியா கும்மிடிப்பூண்டி போய்த் திரும்புவதாகத் திட்டம். நடுவில் கொஞ்ச தூரம் ஆந்திரா. சிப்காட் பக்கம் வந்ததும் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. டயரைத் தடவிப் பார்த்தால் ஊசி மாதிரி ஒரு துண்டு எஃகுக் கம்பி. இது முள்ளோ ஆணியோ இல்லை. லாரி டயர் கிழிந்து சிதறும்போது அதற்குள்ளிருந்து வரும் கம்பி. கன்டெய்னர் லாரியும் இரும்பு ஆலையும் நிறைந்த ரோடு, ஓரம் பூராவும் இது கிடக்கும்.

பஞ்சர் புதுசு இல்லை. பையில் புது ட்யூப் இருந்தது. மாட்டிவிட்டு ரிம்முக்கு வெளியே பார்த்தேன். வால்வின் நுனித் திருகு மட்டும் எட்டிப் பார்த்தது. பம்பு பிடிக்க இடமே இல்லை. நான் அப்போதுதான் 50 மிமீ ஆழமுள்ள கார்பன் ரிம்முக்கு மாறியிருந்தேன்; பையில் இருந்ததோ பழைய சக்கரத்துக்கு வாங்கின 48 மிமீ வால்வு ட்யூப். சக்கரத்தை மாற்றினேன், பையை மாற்றவில்லை.

பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் நல்ல மனுஷன். "என்ன சார், வால்வையே காணோம்" என்றவர், நம்ம ஊர் ட்யூப் ஒன்றை எடுத்து ரிம் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணிரலாமா?" என்று டிரில்லை எடுத்தார். நான் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவர் மேல் தப்பில்லை. சைக்கிள் வால்வில் மூணு வம்சம் உண்டு. நம்ம ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளில் இருப்பது டன்லப் வால்வு. உள்ளே ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருக்குமே, வால்டியூப், அதுதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. பைக், கார் வால்வு ஷ்ரேடர். அமெரிக்காவில் 1893-ல் காப்புரிமை பெற்றது, உள்ளே ஸ்பிரிங் உண்டு. மூணாவது ரோட் பைக்குகளின் பிரெஸ்டா, பிரெஞ்சு வழி வந்தது. ஒல்லியானது, 6 மிமீ தண்டு; ரிம் ஓட்டை 6.5 மிமீ. ஷ்ரேடருக்கு 8.5 மிமீ ஓட்டை வேண்டும், டன்லப்பும் அதில்தான் உட்காரும். அலுமினிய ரிம்மில் ஓட்டையைப் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கார்பனில் கை வைக்கவே கூடாது. நார் அறுபட்டு அந்த இடமே பலவீனமாகிவிடும். என் ரிம்மில் அப்படியே பண்ணியிருந்தாலும் அந்தக் குட்டை வால்வு வெளியே வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. டன்லப் கம்பெனிக்கே அம்பத்தூரில் டயர் தொழிற்சாலை இருந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸும் அம்பத்தூர்தான். 2018 வரை அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டம். ஆக, இந்த மாவட்டத்துப் பஞ்சர் கடையில் டன்லப் வால்வு குடியிருப்பதில் ஆச்சரியமே இல்லை. (கம்பெனிப் பெயரில் இருக்கிற ட்யூப், எஃகுக் குழாய். நம்ம ரப்பர் ட்யூப் இல்லை. ரொம்ப நாள் நானே தப்பாக நினைத்திருந்தேன்.)

வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்தேன். 50 மிமீ ரிம் என்றால் அது டயர் கவ்வும் விளிம்பிலிருந்து ஸ்போக் பக்க முனை வரைக்கும் உள்ள அளவு. ட்யூப் உட்காரும் படுகை அந்த விளிம்பைவிடக் கீழே. என் ரிம்மில் 8 மிமீ கீழே. அப்போ வால்வு கடக்க வேண்டிய தூரம் 42 மிமீதான். 48 மிமீ வால்வு போட்டால் 6 மிமீ வெளியே வரும், பிரெஸ்டாவின் நுனித் திருகுக்கே அது சரியாப் போச்சு. 60 போட்டால் 18 மிமீ. பம்பு தலை நன்றாகப் பிடிக்க 15 மிமீயாவது வேண்டும் என்பது என் அனுபவம். இதே கணக்கில் 35, 40 மிமீ ரிம்முக்கு 48 போதும், 60 மிமீ ரிம்முக்கு 80 வேணும். உங்க ரிம்மில் படுகை எவ்வளவு கீழே என்பதை ஒருமுறை அளந்துடுங்க, ஸ்கேலே போதும்.

80 மிமீக்கு மேல் ஆழமான ரிம் என்றால் எக்ஸ்டெண்டர் தேவைப்படும். அதில் ரெண்டு வகை. ஒன்று, வால்வின் மேல் தொப்பி மாதிரி திருகுவது. பிரெஸ்டாவில் ஸ்பிரிங் கிடையாது. உள் அழுத்தம்தான் மூடுகிறது, நுனித் திருகு பூட்டு போடுகிறது. தொப்பி வகையில் அந்தத் திருகைத் திறந்தே விட வேண்டும், பூட்டில்லாத கதவு. இன்னொன்று, வால்வின் கோரைக் கழற்றி, எக்ஸ்டெண்டரை நடுவில் திருகி, கோரை அதன் தலையில் மாட்டுவது. இதைத்தான் வாங்கணும். மரையில் ரெண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றினால் கசியாது. ஆனால் எல்லா ட்யூபிலும் கோர் கழலாது. கோரில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு தட்டையான பக்கம் இருந்தால்தான் கழலும். கடையில் டப்பாவைத் திறந்து பாருங்க, வெட்கப்படாதீங்க.

ட்யூப் எதில் செய்தது? இங்கேதான் நண்பர்களோடு எனக்குச் சண்டை. டிபியு ட்யூப் 40 கிராமுக்குள் வரும், ப்யூட்டைல் 100 கிராம் பக்கம். எடை வித்தியாசம் நிஜம். ஆனால் நம்ம பஞ்சர் கடை சொல்யூஷனும் பேட்ச்சும் ப்யூட்டைலில்தான் ஒட்டும். டிபியுவுக்குத் தனி பேட்ச் வேணும். மாதர்பாக்கம் ரோட்டில் ரெண்டாவது பஞ்சர் ஆனால் எனக்கு எது உதவும்? ஓடுகிற சக்கரத்தில் ப்யூட்டைல், பையில் மடித்து வைக்க டிபியு என்பது என் முடிவு. ரிம் பிரேக் உள்ள கார்பன் சக்கரமா? அப்போ டிபியு வேண்டாம். பிரேக் சூட்டில் இளகக்கூடும்.

அழுத்தம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. காலை 30 டிகிரியில் 6 பார் அடிக்கிறீங்க. வெளிக்காற்றையும் சேர்த்தால் உள்ளே 7 பார். வண்டியை வெயிலில் நிறுத்தி ட்யூப் 60 டிகிரிக்குச் சூடானால் 7×333/303, கிட்டத்தட்ட 7.7. கேஜில் 6.7 காட்டும். டயரின் உச்ச வரம்பை ஒட்டி அடிக்கிற பழக்கம் இருந்தால் மாற்றிக்கோங்க. ஹூக் இல்லாத ரிம் என்றால் வரம்பே 5 பார்தான்.

அன்றைக்கு எப்படி வீடு வந்தேன் என்று கேட்பீங்க. ரயிலில்தான். ரோட்டில் சுற்றிவந்தாலும் திரும்பிடலாம். ரயிலில் கும்மிடிப்பூண்டி ஒரு லைன், திருவள்ளூர் இன்னொரு லைன். சென்னை வரை போய் மாற வேண்டும். லக்கேஜ் பெட்டியில் மீன் கூடைகளுக்கு நடுவே காற்றில்லாத கார்பன் சக்கரத்தோடு நின்றபோது, சக்கரம் என்ன விலை என்று ஒரு பாட்டி கேட்டார். பாதி விலைதான் சொன்னேன். அதுக்கே அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இப்போ பையில் 60 மிமீ வால்வு ட்யூப் ரெண்டு, கோர் கழற்றுகிற சாவி, அப்புறம் பிரெஸ்டாவை ஷ்ரேடராக மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்று. அடாப்டர் விரல் நுனி சைஸ்தான். அது இருந்தால் எந்த லாரி பஞ்சர் கடை கம்ப்ரசரிலும் காற்று வாங்கலாம். கம்ப்ரசரில் காற்று சட்டென்று ஏறும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க.