டபுள் ஆக்‌ஷன்: ஒருவர் இருவராவது எப்படி?



"தலைவர் டபுள் ஆக்‌ஷன்டா!" என்று விசிலடிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். ஆனால் தொழில்நுட்பம் படிக்கிற நாம் விசிலோடு நின்றுவிடலாமா? "ஒரே ஆளு எப்படிப்பா ரெண்டா நிக்கிறாரு?" என்று வீட்டில் கேட்டால், "அதெல்லாம் கேமரா ட்ரிக்" என்று நழுவுவது டிப்ளமோவுக்கு அழகா?

விஷயம் இதுதான். பிலிம் காலத்தில் லென்சுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்துப் பாதியை மறைப்பார்கள். ஒளி படாத பாதியில் படம் பதியாது. ஹீரோ ஒரு பக்கம் நின்று நடிப்பார். பிறகு பிலிமைப் பழைய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றுவார்கள். ஹீரோ வேஷம் மாற்றி அந்தப் பக்கம் வந்து நடிப்பார். ஒரே பிலிமில் இரண்டு பேர்!

கேட்கச் சுலபம். ஆனால் இடையில் கேமரா ஒரு நூல் அசைந்தால் போச்சு, நடுவில் கோடு தெரியும். வெளிச்சம் மாறினாலும் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் அந்தக் கோட்டைத் தூண், கதவு நிலை ஓரமாகப் பார்த்து ஒளிப்பார்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடிக்க வேண்டுமா? ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். அவர்தான் டூப்!

கேமரா நகர்ந்தால் என்ன செய்வது? அதற்கு வந்ததுதான் மோஷன் கன்ட்ரோல். நம் சி.என்.சி. மெஷின் ஒரே புரோகிராமில் ஒரே பாதையை மீண்டும் மீண்டும் வெட்டுகிறதல்லவா? அதேபோல மோட்டார் பூட்டிய கேமரா, போன பாதையிலேயே பிசகாமல் மறுபடி போகும். இரண்டு பதிவையும் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவார்கள். 1998-ல் வந்த 'ஜீன்ஸ்' கம்ப்யூட்டர் வேலைக்காகவே பேசப்பட்ட படம். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் வாங்கியது. 2024-ல் வந்த 'தி கோட்' படத்தில் விஜய்யின் முகத்தையே கம்ப்யூட்டரால் இளமையாக்கிக் காட்டினார்கள்.

சரி, என் கட்சி என்ன? கருவி பெரிதானால் மட்டும் டபுள் ஆக்‌ஷன் நன்றாகிவிடாது என்பதுதான். 1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யைப் பாருங்கள். ராமு பயந்து ஒடுங்குவார். இளங்கோ நெஞ்சை நிமிர்த்துவார். முகம் ஒன்று, ஆனாலும் நமக்குக் குழப்பமே வராது. 1990-ல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' இன்னும் ஒரு படி மேல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மீசையை மட்டும் மாற்றிவிட்டு "அண்ணன், தம்பி" என்று சொல்லும் படங்கள் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

இன்னொன்று. எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து ஹீரோ பேச வேண்டும். பார்வை கொஞ்சம் மேலே போனாலும் ஏமாற்று வெளுத்துவிடும். அந்தப் பார்வைக்குச் சரியான உயரத்தில் நின்று கொடுப்பவரும் பெரும்பாலும் டூப்தான். பாதிக் காட்சியில் தோளும் முதுகும் அவருடையது. கைத்தட்டல் முழுதும் இன்னொருவருக்கு. ஒர்க் ஷாப்பில் நிற்கும் நமக்கா இது புரியாது? வண்டியில் போகிறவருக்கு கியர் அறுத்தவன் பெயர் தெரியுமா என்ன?

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை டபுள் ஆக்‌ஷன் படம் பார்த்தால் தாராளமாக விசிலடியுங்கள். ஆனால் தூண் ஓரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், திரையில் ஓடும் பெயர்களையும் படியுங்கள். நாளை நம் பெயரும் அதுபோல ஏதோ ஒரு வேலையின் கடைசி வரியில்தானே வரப்போகிறது!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்