வளைவில் கேட்கும் உரசல்: இரட்டைக்கிளவி வழியே ஒரு விசாரணை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பது அன்றாட வேலை. ஒரு பக்கம் சரக்கு லாரி, மறுபக்கம் உந்துவண்டி, நடுவில் நாம். அப்படி ஒடிக்கும்போது முன் சக்கரத்தில் உரசல் சத்தம் கேட்டால் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். அல்லது ஒர்க்‌ஷாப்பில் போய், "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்பார்கள். பின்னது நல்லதுதான், ஆனால் செலவு வைக்கும். "ஏதோ சத்தம்" என்றால் மெக்கானிக் எதை வேண்டுமானாலும் மாற்றலாமே! எனக்குத் தெரிந்த ஓர் அன்பர் ஆக்சிலையே மாற்றினார், சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் கிளிப் கழன்றிருந்தது.

என்ன சத்தம், எப்போது வருகிறது? இந்த இரண்டையும் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. முதல் கேள்விக்குத் தமிழிலேயே கருவி இருக்கிறது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதி வகுத்தார். அந்தச் சொற்களைக் காருக்கும் பயன்படுத்தலாம் என்பது என் கட்சி.

சரசர என்றால் அந்தப் பிளாஸ்டிக் தட்டு. இடவப்பாதி மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டினால் அது நெகிழ்ந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் அதில் உரசும். உரசிய இடம் பளபளவென்று தெரியும். அளவு கூடின டயர் போட்டவர்களுக்கும் இதே கதிதான்.

கிறீச் என்று விடாமல் இழுத்தால், பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகரத்தைப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் அது துருப்பிடித்து வளைந்து டிஸ்க்கைத் தொடும். சில சமயம் இடையில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கும். ரிவர்ஸில் கொஞ்சம் ஓட்டினால் விழுந்துவிடுவதும் உண்டு. மழையில் இரண்டு நாள் நின்ற வண்டி முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரத்துவிட்டு அடங்கினால் கவலை வேண்டாம். அது டிஸ்க்கின் மேல்துரு.

டக்டக் என்பது வேறு ஜாதி. அம்பாசிடரில் பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரத்துக்குத் திரும்புவது மட்டுமே வேலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இல் இழுப்பது, திரும்புவது இரண்டுமே முன் சக்கரத்தின் தலையில். திரும்பிய நிலையிலும் சக்கரத்துக்குச் சீராகச் சுழற்சி கொடுக்க ஒரு மூட்டு வேண்டும். ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் உருவாக்கிய, ஆறு உருண்டைகள் கொண்ட மூட்டுதான் அதற்கு அடிப்படை. நம் மெக்கானிக்குகள் சிவி ஜாயின்ட் என்பார்கள். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வலப்பக்கம் சுற்றும்போது டக்டக் கேட்டால் பெரும்பாலும் இடப்பக்க மூட்டுதான். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தாலும் சத்தம் இன்னும் வரவில்லையா? உறையை மட்டும் மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம்.

வீல் பேரிங் போனால் உரசலைவிட உறுமலே அதிகம். வில்லிங்டன் தீவு போன்ற நேர்ச்சாலையில் 50 கி.மீ. வேகத்தில் கவனியுங்கள். லேசாக வலப்பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க பேரிங் மேல் சந்தேகம். ஜாக்கி போட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

நறநற — பல்லைக் கடிப்பது போல — கேட்டால்தான் பயப்பட வேண்டும். பிரேக் பேட் தேய்ந்து, இரும்பு டிஸ்க்கைக் கடிக்கிறது. பல பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு இருக்கும். தேய்மானம் நெருங்கும்போதே அது கீச்சிட்டு எச்சரிக்கும். வளைவில் கூடும், பிரேக்கை அழுத்தினால் சில சமயம் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று நம் ஆட்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

பண்டிகைக்குத் தேனி, மதுரைப் பக்கம் போகும் குடும்பங்கள் மூணாறு ஏறி, போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பிரேக், ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங். பின்சீட்டில் குழந்தைகளும் பாட்டியும். புறப்பட ஒரு வாரம் முன்பே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேடின் கனம் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டுமல்ல, இரு பக்கமும் ஜோடியாக. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். "எந்தா ஒச்ச?" என்று அவர் கேட்கும்போது, "வலத்தே திரும்பும்போ டக்டக்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பே வேண்டாம்.