பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்

தகவல் நடுநிலையானது என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. தகவலை எழுதச்சொல்லி நீட்டப்படும் படிவத்தை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவை எடுத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இந்தத் தரவுத்தளத்தில், பொருள்களுக்கு இடையிலான உறவை எழுதுவதும் அழிப்பதும் ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான்.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், ஒரு எண். தமிழ் மொழி க்யூ 5885. உறவுக்கும் எண் உண்டு: 'ஆசிரியர்' என்பது பி 50. ஒரு நூலின் பக்கத்தில் இந்த உறவைத் தேர்ந்து, எதிரே உள்ள கட்டத்தில் பெயரை அடிக்க ஆரம்பித்தால், ஏற்கெனவே எண் பெற்றவர்களின் பட்டியல் கீழே விரியும். அதிலிருந்துதான் ஒருவரை எடுக்க வேண்டும். நம் ஆள் அதில் இல்லையா, முதலில் அவருக்கு ஒரு பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் நிலைக்க ஆதாரம் வேண்டும். முடியாவிட்டால் பி 2093 என்ற வேறொரு கட்டம்: பெயரை வெறும் எழுத்துகளாக அடித்துவிட்டுப் போகலாம். பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். அங்கிருந்து அவருடைய இன்னொரு நூலுக்குப் போக வழி கிடையாது. இது சும்மா தொழில்நுட்ப ஏற்பாடு என்பார்கள். அச்சேறியவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு என்பேன் நான்.

இன்னொன்று. ஒருவர் பக்கத்தில் வாழ்க்கைத்துணை இன்னார் என்று எழுதினால், அந்த இன்னாரின் பக்கத்தில் அது தானாக ஏறாது. யாராவது போய் எழுத வேண்டும். அதுவரை உறவு ஒரு முனையில் மட்டும் நிற்கும்.

ஆனால் ஒரேயடியாக நிராகரித்துவிடவும் முடியாது. ஒரு நூலை எழுதியவர் இவரா அவரா என்ற சர்ச்சையில் இரண்டு பெயரையும், தனித்தனி ஆதாரத்துடன், அடுத்தடுத்து வைக்க இந்தப் பெட்டி இடம் தருகிறது. 'மதிப்பு தெரியவில்லை', 'மதிப்பு இல்லை' என்று இரண்டு தேர்வுகளும் உண்டு. பாடியவள் இருந்தாள், யாரென்று தெரியவில்லை என்பது ஒன்று; பாடியவளே இல்லை என்பது வேறு. நடவுப் பாட்டை 'ஆசிரியர் இல்லாதது' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு உறைக்க வேண்டும். குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவருக்குப் பாட்டின் உவமையிலிருந்தே செம்புலப்பெயனீரார் என்று பெயர் வந்தது. இவரைத் தெரிந்தவர் கணக்கில் வைப்பதா, தெரியாதவர் கணக்கிலா? பெட்டி கேட்கும், முடிவு நம்முடையது.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் பெட்டி கேட்கும் ஆதாரம் நம் கையில்தான் உருவாகிறது. பாடல்களைத் தொகுத்து அச்சிடும் நண்பர்கள் 'ஒரு மூதாட்டி பாடியது' என்று போட்டால் அவளுக்கு எண் கிடைக்கப் போவதில்லை. அவள் சம்மதத்துடன் பெயர், ஊர், பாடிய நாள் மூன்றையும் பாட்டுக்குக் கீழேயே அச்சிடட்டும்.